விடுதியில் விளையுமா தலைமை?

தலைமை என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. 'தலை' என்பதனோடு 'மை' என்னும் பண்புப்பெயர் விகுதி சேர்ந்து முழுமை பெற்று நிற்கும் சொல் அது. ஆயினும் மலேசியத் தமிழர் வழக்கில் இற்றைநாள் 'தலைமைத்துவம்' என்ற வடிவமே எங்கும் ஒலிக்கின்றது. தலைமைத்துவ முகாம், தலைமைத்துவப் பயிலரங்கு, தலைமைத்துவப் பண்பு என்று பள்ளி இதழ்களும் பல்கலைக்கழகப் பதாகைகளும் பேசுகின்றன. 'மை' செய்யும் வேலையையே வடமொழித் 'துவ'மும் செய்வது. ஒரு சொல்லின் தலையில் ஒரே பொருள்தரும் விகுதிகள் இரண்டை ஏற்றுவது வீண் சுமை என்று தமிழாசிரியர்கள் பல்லாண்டாகச் சுட்டி வருகின்றனர். சுட்டியும் அச்சொல் மறையவில்லை. மறையாமைக்குக் காரணம் உண்டு. அதனை ஆராய்தல் பயனுடைத்து.

நாளிதழ்களில் வரும் கூட்டச் செய்திகளைப் பார்த்தால் காரணம் தெரியும். 'இன்னார் தலைமை தாங்கினார்' என்றால் அவர் மேடையின் நடு நாற்காலியில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார் என்பதே பொருள். தலைமை என்பது இருக்கையாகிவிட்டது. பதவியைக் குறிக்கும் அளவிற்கு அச்சொல் சுருங்கிவிட்டமையால், பண்பைக் குறிப்பதற்கு வேறொரு சொல் தேவைப்பட்டது; 'துவம்' வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே இது இலக்கணப் பிழை மட்டுமன்று. நாற்காலிக்கும் பண்பிற்கும் இடையே ஏற்பட்ட பிளவினை மொழி தன் போக்கில் பதிவு செய்துள்ளது. பல்கலைக்கழக உறைவிடக் கல்லூரிகளில் மாணவர்க்கு அளிக்கப்படும் சமுதாயத் தலைமைப் பயிற்சியைத் திறனாய்வு செய்யப் புகுவோர் இப்பிளவையே முதற்கண் நோக்குதல் வேண்டும். அங்கே வளர்க்கப்படுவது நாற்காலியா, பண்பா?

பள்ளியும் விடுதியும்

மாணாக்கர் ஓரிடத்தே உடனுறைந்து கற்பது தமிழர்க்கு அயலான முறையன்று. 'பள்ளி' என்ற சொல்லே அதற்குச் சான்று. பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் என்னும் வழக்குகள் காட்டுவது போல அச்சொல் முதலில் படுக்கும் இடத்தையும், பின்னர்த் துறவோர் உறையும் இடத்தையும் குறித்தது. சமண முனிவர் தம் உறைவிடங்களில் ஊராருக்குக் கல்வி புகட்டியமையால் அதுவே கல்விக்கூடத்தின் பெயராயிற்று. உறைதலும் கற்றலும் அங்கே ஒன்று. 'விடுதி' என்னும் சொல்லோ வழிப்போக்கர் இறங்கித் தங்கிச் செல்லும் இடத்தைச் சுட்டுவது. தங்குவோர்க்கும் அவ்விடத்திற்கும் உள்ள உறவு, வாடகையோடும் பருவத்தேர்வோடும் முடிந்துபோகும்.

நன்னூல் இயற்றிய பவணந்தியும் சமண முனிவரே. பள்ளியில் வாழ்ந்தவர் வகுத்த மாணாக்கர் இலக்கணத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொல்வதை மனத்தில் நன்கு பதிய வைத்துக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதில் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து நிரம்பும். தமிழாசிரியர் அனைவரும் மனப்பாடமாக அறிந்த நூற்பா இது. ஆனால் பல்கலைக்கழக விடுதி ஒன்றை அளப்பதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது. விரிவுரை மண்டபம் முதற் காலைத் தருகின்றது. விடுதி இரண்டாங் காலைத் தரத்தக்கது. வெளியே, மக்களிடையே சென்று பெறவேண்டிய அரைப்பங்கின் நிலை என்ன என்பதே வினா.

பந்தாய்ப் பள்ளத்தாக்கின் கதை

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. 1959இல் கோலாலம்பூர்ப் பிரிவு தனித்தியங்கத் தொடங்கியது. 1962 ஜனவரி முதல் நாள் அதுவே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பந்தாய்ப் பள்ளத்தாக்கில் விரிவுரை மண்டபங்களோடு உறைவிடக் கல்லூரிகளும் எழுந்தன. இன்று அவை பத்துக்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் 'பெங்கெத்துவா' எனப்படும் முதல்வரும், உடனுறையும் ஆசிரியர்களும், மாணவர் செயற்குழுவும் உண்டு. ஆங்கில நாட்டுப் பழம்பெரும் கல்லூரிகளின் மாதிரி இது. ஆளப்பிறந்தவர் என்று கருதப்பட்ட இளைஞரை ஒரே கூரையின்கீழ் உண்ணவும் உறங்கவும் வாதாடவும் விட்டால் ஆளும் திறம் தானே வரும் என்பது அம்மாதிரியின் நம்பிக்கை. ஆளப்படுவோரின் பிள்ளைகள் அவ்விடுதிகளில் குடியேறியபோது விளைந்ததோ வேறு.

சிங்கப்பூர் வளாகத்தில் 1953இல் பல்கலைக்கழகச் சோசலிசக் கழகம் தோன்றியது. அதன் 'பஜார்' என்னும் இதழில் வந்த கட்டுரைக்காக 1954இல் மாணவர் எண்மர் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பெற்று, வழக்கில் விடுதலையாயினர். அந்த எண்மருள் ஒருவரான எம். கே. ராஜகுமார் பின்னாளில் மருத்துவராகி, தொழிலாளர் கட்சியில் முன்னணியில் நின்று, சிறையும் கண்டு, மலேசிய மருத்துவச் சங்கத்திற்கும் உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பிற்கும் தலைவராக விளங்கினார். அவருக்குத் தலைமைப் பயிற்சிச் சான்றிதழ் எவரும் வழங்கியதாகத் தெரியவில்லை.

கோலாலம்பூர் வளாகத்திலும் அவ்வழி தொடர்ந்தது. கிள்ளானை அடுத்த தெலுக் கோங்கில் நிலமற்ற உழவர்கள் ஹமிட் துவா என்பாரின் தலைமையில் காடு திருத்திப் பயிரிட்டு, 1967இல் வெளியேற்றப்பட்டபோது மாணவர் சங்கம் உழவர் பக்கம் நின்றது. 1969ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது மாணவர்கள் கட்சி சாராமல் தமக்கென ஓர் அறிக்கை வகுத்து ஊர் ஊராகச் சென்று கூட்டம் நடத்தினர். 1974இல் பாலிங் வட்டாரத்து ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்கள் விலைவீழ்ச்சியால் வாடி எழுந்தபோது, அவர்கட்கு ஆதரவாகக் கோலாலம்பூரில் திரண்ட மாணவருள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

1971இல் இயற்றப்பெற்ற பல்கலைக்கழகம் மற்றும் பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் 1975இல் திருத்தப்பெற்று இறுகியது. கட்சிகளோடும் தொழிற்சங்கங்களோடும் மாணவர் தொடர்பு கொள்வதும், அவற்றிற்கு ஆதரவு தெரிவிப்பதும் தடுக்கப்பட்டன. மாணவர் சங்கம் தன் நிதியையும் நடைமுறையையும் தானே ஆளும் நிலையை இழந்தது. 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தின் ஒரு கூறு அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2012இல் கட்சியில் சேரும் உரிமை திரும்பிற்று. வளாகத்திற்குள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையும் 2018 இறுதியில் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது. ஆனால் நாற்பதாண்டுக் காலம் ஒரு கதவு பூட்டியிருந்தால், திறந்தபின்னும் அவ்வழியே நடக்கும் பழக்கம் உடனே வந்துவிடாது. அந்த நாற்பதாண்டில்தான் 'மாணவர் தலைமைத்துவம்' என்ற தொடர் செழித்து வளர்ந்தது என்பது நோக்கற்பாலது. வினை குறைந்த காலத்தில் அதன் பெயர் பெருகியது.

புள்ளிக் கணக்கு

இன்றைய நிலைமைக்கு வருவோம். அரசுப் பல்கலைக்கழக விடுதிகளில் பரவலாக வழங்கும் முறை ஒன்றுண்டு. விடுதியின் நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் மாணவர்க்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. செயற்குழு உறுப்பினர்க்குக் கூடுதல் புள்ளிகள். போதிய புள்ளி சேர்ந்தால் அடுத்த ஆண்டும் அறை கிடைக்கும். சேராதவர் வெளியே வாடகை வீடு தேடிச் செல்லவேண்டும். பங்சாரிலும் பந்தாயிலும் வீட்டு வாடகை எவ்வளவு என்பதை அறிந்தவர்க்கு அப்புள்ளியின் எடை விளங்கும். தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடி வீட்டிலிருந்தும் வந்த மாணவிக்கு அது எடை மிக்கது.

இம்முறையை வகுத்தோரின் நோக்கம் தீயதன்று. அறைக்குள் அடைந்து பாடநூலை மட்டும் நோக்கியிருக்கும் மாணவனை வெளியே இழுத்துவர வேறு வழி அவர்கட்குத் தோன்றவில்லை. எனினும் விளைவு வேறாயிற்று. முதியோர் இல்லத்திற்குச் சென்று தரை கழுவினாலும் புள்ளி. கலை இரவுக்கு நாற்காலி அடுக்கினாலும் புள்ளி. அமைச்சரோ துணைவேந்தரோ வரும்போது மண்டபத்தை நிரப்பினாலும் புள்ளி. மூன்றும் ஒரே ஏட்டில் ஒரே எண்ணாகப் பதிவாகின்றன. தொண்டுக்கும் கூட்டம் சேர்த்தலுக்கும் வேற்றுமை தெரியாத ஒரு கணக்கு, தலைமைக்குக் கணக்கெழுதப் புகுந்தால் என்ன ஆகும்? மாணவர் விரைவில் கணக்கைக் கற்றுக்கொள்கின்றனர். சமுதாயத்தைக் கற்பது பின்னுக்குப் போகின்றது.

ஒரு நிகழ்ச்சி நடத்த முன்வரும் மாணவர் குழு முதலில் எழுதவேண்டியது 'கெர்த்தாஸ் கெர்ஜா' எனப்படும் திட்ட அறிக்கை. நோக்கம், இலக்குப் பிரிவினர், செலவுக் கணக்கு, நிகழ்ச்சி நிரல், ஏற்பாட்டுக் குழுவின் படிநிலை என அது விரியும். பின்னர் ஒப்புதல், அதன்பின் நன்கொடை திரட்டல், பதாகை, சட்டை, நினைவுச் சின்னம், சிறப்பு விருந்தினருக்கு மாலையும் பொன்னாடையும். இறுதியில் படங்களோடு ஓர் அறிக்கை. இதில் வீணானது எதுவுமில்லை என்று வாதிடுவோர் உள்ளனர். அவர்கள் வாதம் முற்றிலும் தவறென்றும் சொல்வதற்கில்லை. தோட்டப்புறப் பள்ளியிலிருந்து வந்து, பத்துப்பேர் முன்னிலையில் வாய்திறக்க அஞ்சிய ஒரு பெண், இரண்டாண்டில் ஐந்நூறு பேர் கூடும் விழாவின் செயலாளராய் மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசி நடத்துவது சிறுசெயலன்று. வங்கிக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் கால ஒழுங்கும் அவளுக்குக் கைவருகின்றன. பின்னாளில் அவள் பள்ளித் தலைமையாசிரியரானால் அவையனைத்தும் உதவும்.

குறை அங்கில்லை. அத்திட்ட அறிக்கையில் 'இலக்குப் பிரிவினர்' என்று ஒரு வரியில் எழுதப்படும் மக்கள், அறிக்கையை எழுதுமுன் கலந்தாலோசிக்கப்பட்டார்களா என்பதே குறை காணத்தக்க இடம். அவர்கட்கு என்ன வேண்டும் என்பதை விடுதியின் கூட்ட அறையே முடிவு செய்கின்றது. ஒருநாள் கோத்தோங்-ரோயோங், ஒருநாள் ஊக்கமூட்டும் உரை, சிற்றூர்களில் இரண்டு மூன்று நாள் வளர்ப்புப் பிள்ளையாகத் தங்கி வருதல் என்பனவே பெரும்பாலும் வடிவங்கள். மூன்றாவது வடிவம் நல்லது. நாள் மட்டும் போதாது.

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் பல்கலைக்கழகத்திற்குச் சிறிது தொலைவே உள்ள கம்போங் மேடான் வட்டாரத்தில் நிகழ்ந்த இனக் கலவரம் ஆறு உயிர்களைக் கொண்டது. தோட்டங்களை விட்டு வெளியேறி நகரின் ஓரங்களில் நெருக்குண்டு வாழ்ந்த ஏழைக் குடும்பங்களின் இடம் அது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவினப் பிள்ளைகளும் ஒரே மேசையில் உண்ணும் விடுதிகள் அவ்வளவு அருகே இருந்தன. அப்பிள்ளைகள் கற்ற உடனுறைவுக் கலை, சாலைக்கு அப்பால் செல்லவில்லை.

எஞ்சிய அரைப்பங்கு

நன்னூல் கூறும் எஞ்சிய அரைப்பங்கை மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. அவர்களின் தமிழ்ப் பேரவை 1980களிலிருந்து சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைப் 'பேரவைக் கதைகள்' என்று தொகுத்து வெளியிட்டு வருவதைத் தமிழாசிரியர் அறிவர். ஆண்டுதோறும் மாறும் மாணவர் குழு ஒன்று, எழுத்தாளரைத் தேடி, நடுவரைத் தேடி, அச்சகத்தாரோடு போராடி நூல் கொணர்வது, பட்டம் பெற்றோர் பலர் செய்யாத வேலை. அத்தொகுதிகளில் தோட்டத்தின் வாழ்வும் நகர் வந்தோரின் தாழ்வும் இடம்பெறுவது இயல்பே. விழா முடிந்தபின் நிலைத்து நிற்கும் பொருள் ஒன்றை விட்டுச் செல்வதால் விடுதிக் கலை இரவுகள் பலவற்றினும் இம்முயற்சி மேலானது.

சமுதாய மாற்றத்தை நேராக நோக்கிய முயற்சி ஒன்றைக் காட்டவேண்டுமாயின் ஸ்ரீ முருகன் நிலையத்தையே காட்டவேண்டும். 1982இல் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா பல்கலைக்கழக மாணவரைத் துணைக்கொண்டு தொடங்கியது அது. பல்கலைக்கழகத்தில் பயில்வோர் வார இறுதிகளில் இடைநிலைப் பள்ளி மாணவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பர். அவ்வாறு கற்றுத் தேறியவர் பல்கலைக்கழகம் புகுந்ததும் தாமே ஆசிரியராய்த் திரும்புவர். பத்துமலைக்குச் செல்லும் கல்வி யாத்திரை அதன் தனி அடையாளம். பவணந்தியார் கணக்கை இதைவிட நேராக நடைமுறைப்படுத்திய அமைப்பு இந்நாட்டில் வேறில்லை எனலாம். வேதியியல் சமன்பாடு ஒன்றைக் கிள்ளானிலோ காஜாங்கிலோ உள்ள பதினாறு வயதுப் பையனுக்கு மூன்றாம் முறை விளக்கும்போதுதான், அது தனக்கே இதுவரை விளங்கவில்லை என்பது பல்கலைக்கழக மாணவனுக்குப் புலப்படும். அப்பையன் ஏன் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று வினவும்போது, இரவு அவன் உணவுக்கடையில் வேலை செய்வதும் புலப்படும். இரண்டாவது அறிவுதான் தலைமைக்கு வித்து.

ஆயினும் இம்முயற்சியிலும் ஓர் எல்லை தென்படுகின்றது. தேர்வில் தேறியவன் தோட்டத்தையும் அடுக்குமாடியையும் விட்டு மேலேறுகின்றான். அவன் குடும்பம் மீள்கின்றது. பக்கத்து வீடு அப்படியே நிற்கின்றது. ஏணி வைத்து ஒவ்வொருவராக ஏற்றுவது அறம்; மறுப்போர் இல்லை. பள்ளம் ஏன் உண்டாயிற்று என்று கேட்பது வேறொரு பயிற்சி. ஷா ஆலம் நகர் சுங்கை ரெங்கம் தோட்டத்தின்மீதும், சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டத்தின்மீதும் எழுந்தவை. அங்கே பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே வாழ்கின்றனர் என்று ஒரு பருவம் முழுதும் தேடி எழுதும் வேலையை எந்த விடுதியேனும் தன் மாணவர்க்கு அளிக்குமாயின், அது பத்துத் தலைமைத்துவ முகாம்களுக்கு ஈடாகும்.

கிள்ளான் கற்பித்தது

தலைமை பற்றிப் பேசும்போது பல்கலைக்கழகத்தையே நோக்கிக்கொண்டிருப்பதும் ஒருவகை மயக்கம். கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் 1941இல் நடத்திய வேலைநிறுத்தத்தை நினைவுகூர்தல் நலம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அதற்கு முன்னின்றது. அதனை நடத்தியவருள் ஒருவரான ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்தவர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு என்பனவற்றோடு, துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிர்வந்தால் மிதிவண்டியினின்றும் இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. அந்த ஒரு கோரிக்கை எந்த மாநாட்டு அறையிலும் தோன்றியிருக்க முடியாது. நாள்தோறும் மண்சாலையில் இறங்கி இறங்கி நின்ற கால்கள் சொன்ன கோரிக்கை அது. அதனைக் காதுகொடுத்துக் கேட்டு, கூலிக் கணக்கோடு சேர்த்து எழுதியதில் அன்றைய தலைமையின் திறம் விளங்குகின்றது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

போருக்குப்பின் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையும் அத்தகையதே. கள்ளுக்கடை மறியலில் தொடங்கி, தோட்ட நிருவாகத்தின் அதிகாரத்தையே வினவும் அளவிற்கு அது வளர்ந்தது. 'தொண்டர்' என்று அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரை நோக்குக. தலைவர் படை என்று எவரும் பெயரிடவில்லை.

தோட்டப் பள்ளியின் தமிழாசிரியர் இவ்விரண்டிற்கும் இடையே நின்றவர். குறைந்த ஊதியம், ஓட்டைக் கூரை, ஒரே அறையில் பல வகுப்பு. இவற்றோடு கடிதம் எழுதிக் கொடுப்பவரும், வழக்குத் தீர்ப்பவரும், நாடகம் பழக்குபவரும் அவரே. பள்ளியின் பக்கத்திலேயே அவர் குடியிருந்தார். பழைய பொருளில் அது பள்ளியே. உறைவிடமும் கல்வியிடமும் ஒன்றாக இருந்தது. இன்றைய ஆசிரியர் வீடு வேறு ஊரில் உள்ளது. அவரைக் குறைகூறிப் பயனில்லை. வீட்டு விலையும் மாற்றல் உத்தரவும் அவர் கையில் இல்லை.

திருப்பி வைத்த விடுதி

இலண்டனின் கிழக்குப் பகுதியான ஒயிட்சேப்பல் ஏழைகளின் குடியிருப்பு. அங்கே 1884இல் சாமுவேல் பார்னெட் என்னும் பாதிரியார் டாயின்பி மன்றத்தை அமைத்தார். மாணவர் வாழும் இடத்திற்கு ஏழைகளை அழைக்காமல், ஏழைகள் வாழும் இடத்தில் மாணவரைக் குடியமர்த்தினார். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற இளைஞர் அங்கே தங்கி, பகலில் தம் பணி பார்த்து, மாலையில் மக்களோடு பழகினர். அம்மன்றத்தில் சிறிதுகாலம் செயலாளராய் இருந்த கிளமென்ட் அட்லி, பின்னாளில் பிரதமராகி இந்தியா விடுதலைபெற்ற காலத்து ஆட்சியை நடத்தியவர். விடுதியைத் திருப்பி வைத்தால் என்ன நிகழும் என்பதற்கு அது சான்று. டாயின்பி மன்றத்தாரும் மேலிருந்து இரங்குவோரே என்று அக்காலத்திலேயே குறைகூறியவர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1932இல் தோன்றிய ஹைலேண்டர் மக்கள் பள்ளி அக்குறைக்கும் விடை கண்டது. அங்கே தங்கிப் பயின்றோர் மாணவரல்லர். தொழிலாளரும் உழவரும் கறுப்பின மக்களுமே. பாடத்திட்டம் என ஒன்று முன்கூட்டி எழுதப்படவில்லை. வந்தோரின் இடர்களே பாடம். ரோசா பார்க்ஸ் அம்மையார் 1955ஆம் ஆண்டுக் கோடையில் அங்குத் தங்கியிருந்து, அவ்வாண்டு டிசம்பரில் மாண்ட்கொமரி நகரப் பேருந்தில் எழ மறுத்தார். அப்பயிற்சிதான் அவரை உருவாக்கியது என்று சொல்லிவிடலாகாது. அதற்குமுன் பல்லாண்டு உரிமைப் பணியில் ஊறியவர் அவர்.

தமிழகத்தில் காந்திகிராமம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே தொடங்கிய நிலையம், 1956இல் கிராமியக் கல்வி நிலையத்தைக் கண்டு, 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாணவர் சிற்றூர்களில் தங்கிப் பணியாற்றுவதும், சாந்தி சேனை என்னும் அமைதிப்படையில் பயிற்சி பெறுவதும் அங்குக் கல்வியின் கூறுகளாக வகுக்கப்பட்டன. பல்கலைக்கழகத் தகுதி வந்தபின் தேர்வும் பட்டமும் மேலோங்குவது எங்கும் காணும் இயல்பு. ஆயினும் சிற்றூரில் தங்குவதைப் படிப்பின் பகுதியாக்கியது, புள்ளி தேடும் புறச்செயலாக விட்டுவிடாதது, கோலாலம்பூர் கற்கத்தக்கது.

பிரிக்பீல்ட்சில் இதற்கு இடம் தேடி அலையவேண்டியதில்லை. 1904இல் யாழ்ப்பாணத் தமிழர் நிறுவிய விவேகானந்த ஆசிரமம் அங்குண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு, இரயில்வே ஊழியர்க்கென எழுந்த நூறு குவார்ட்டர்ஸ் இருந்து மறைந்த தெருக்கள் உண்டு. 2010இல் லிட்டில் இந்தியா எனப் பெயர்சூட்டி வளைவும் விளக்கும் அமைத்தபின், சுற்றுலாப் பயணியர் அங்கு வருகின்றனர். பார்வையற்றோர் பலர் தொழில்செய்து வாழும் பகுதியும் அதுவே. நடைபாதையில் நிறுத்தப்பட்ட வண்டிகளுக்கிடையே கைத்தடியால் வழி தேடுவோர்க்கு அப்பகுதியின் வளைவு எழிலால் விளைந்த நன்மை யாது? பத்து மாணவர் ஒரு பருவம் அங்கேயே அறையெடுத்துத் தங்கி, தெருவை நாள்தோறும் நடந்து அளந்து, அங்கு வாழ்வோரோடு சேர்ந்து ஓர் அறிக்கை எழுதி மாநகர மன்றத்திடம் கொடுத்தால், அதில் பொன்னாடைக்கு இடமிராது. மன்றம் மறுத்தால் மீண்டும் போகவேண்டும். மறுக்கப்படுவதைத் தாங்கி மீண்டும் செல்லும் பயிற்சி எந்த முகாமிலும் கிடைப்பதன்று.

இதற்குப் பல்கலைக்கழகம் செய்யவேண்டியது பெரிதன்று. மக்களோடு ஒரு பருவம் உறைந்து பணியாற்றுவோர்க்கு விடுதி அறை புள்ளியின்றி உறுதி செய்யப்படல் வேண்டும். அப்பணியை அளப்பவர் விடுதி அலுவலராய் இல்லாமல், மாணவர் எவரிடையே வாழ்ந்தனரோ அவராய் இருத்தல் வேண்டும். தமிழாசிரியர்க்கும் இதில் இடமுண்டு. கிள்ளான் சிம்பாங் லீமாத் தமிழ்ப்பள்ளி போன்ற பெரும் பள்ளிகளின் ஆசிரியர்கள், எந்தப் பிள்ளை எந்த அடுக்குமாடியிலிருந்து வருகின்றது, யார் காலையுணவின்றி வருகின்றனர், எவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பவற்றை அறிந்தவர்கள். பல்கலைக்கழகத் திட்ட அறிக்கைகளில் 'இலக்குப் பிரிவினர்' என்ற வரிக்கு எதிரே எழுதப்படவேண்டிய செய்திகள் அவர்களிடமே உள்ளன. அவர்களைச் சிறப்பு விருந்தினராய் அழைத்து மாலையிடுவதை நிறுத்தி, முதல் கூட்டத்திற்கே அழைக்கலாம்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகத்திற்குச் செல்லும் மின்தொடர்வண்டி பிரிக்பீல்ட்சை விட்டு நீங்கிச் சில நிமிடங்களில் அங்காசாபுரியையும் பந்தாய் டாலாமையும் கடக்கின்றது. பல்கலைக்கழகம் அங்கிருந்து எட்டிய தொலைவே. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவ்வண்டியில் ஏறும் மாணவர் பலர், கிள்ளானிலும் காப்பாரிலும் உள்ள தம் வீடுகளுக்குச் செல்வோர். ஞாயிறு இரவு அவர்கள் துவைத்த துணியோடும் அம்மா கட்டிக்கொடுத்த குழம்போடும் விடுதிக்குத் திரும்புகின்றனர்.